மீன் தொட்டியில் பாக்டீரியா நோய்: அறிகுறியிலிருந்து மருந்து வரை

மீனின் உடம்பில் வெள்ளைத் திட்டையோ சிவப்புக் கோடுகளையோ பார்த்ததும் கை தானாக மருந்துப் புட்டியைத் தேடும். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எத்தனை மீனுக்கு இருக்கிறது? எவ்வளவு வேகமாகப் போகிறது? ஒரே நாளில் எல்லா மீனும் ஒரே மாதிரி வாடினால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல் விழ வேண்டும். ஒரு மீனில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் அடுத்தடுத்த மீன்களைப் பிடித்தால் தொற்று. ஒரே ஒரு மீன் வாரக்கணக்கில் மெல்ல இளைத்தால் அது முற்றிலும் வேறு வகை. பெயர் தெரியாவிட்டாலும் இந்த இரண்டும் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நல்ல தொட்டியிலும் எப்போதும் இருக்கின்றன. மீனின் வழவழப்புப் படலமும் எதிர்ப்புச் சக்தியும் சரியாக இருக்கும்வரை அவற்றால் உள்ளே நுழைய முடியாது. கெட்ட தண்ணீர், நெரிசல், சண்டையில் பட்ட காயம், ஒட்டுண்ணி கடித்த இடம், நெடும்பயணம், திடீர் வெப்ப மாற்றம் ஆகியவைதான் கதவைத் திறந்துவிடுகின்றன. அந்தக் கதவை மூடாமல் மருந்து ஊற்றினால் பத்தாம் நாள் குணமாகி இருபதாம் நாள் திரும்பி வரும்.

முதல் பத்து நிமிடம்: தண்ணீர்ச் சோதனை

டெஸ்ட் கிட் எடுத்து அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் பாருங்கள். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள்) இருக்க வேண்டும், 20க்குள் இருந்தால் நல்லது. அம்மோனியா எவ்வளவு நச்சு என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் அதே அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. வெப்பம் கூடினாலும் நச்சு கூடும்.

அம்மோனியா சுட்ட மீனுக்குச் செவுள் சிவக்கும், துடுப்பில் சிவப்பு இழைகள் ஓடும். பார்த்தால் இரத்தத் தொற்று மாதிரியே தெரியும். வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது: அம்மோனியா எல்லா மீனையும் ஒரே நேரத்தில் தாக்கும். நைட்ரைட் ஏறினால் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்து செவுள் பழுப்பாகும், மீன் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். இரண்டுக்கும் மருந்து கிடையாது. குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள், மறுநாளும் மாற்றுங்கள். நைட்ரைட் என்றால் உப்பும் கைகொடுக்கும். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது.

தண்ணீர் சரியாக இருந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பலவும் அப்போது தெரியும்: லேசாகத் தூக்கிய செதில், தோலின் மேல் சாம்பல் பூச்சு, மஞ்சள் பொடி தூவிய மாதிரி வெல்வெட் நோய், தொங்கும் நூல் புழு. கடைசி இரண்டும் ஒட்டுண்ணிகள். உப்புக் கல் ஒட்டியது போல, எண்ணக்கூடிய தனித்தனி வெள்ளைப் புள்ளிகளும் ஒட்டுண்ணிதான். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒரு வாரம் வீணாகும், அதற்குள் மீன் போய்விடும்.

துடுப்பின் ஓரம் கரைந்துகொண்டே வருகிறது

ஓரம் வெளுத்தோ சிவந்தோ இருக்கிறதா, பிசிறு பிசிறாக இருக்கிறதா, நாளுக்கு நாள் உள்நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் துடுப்பழுகல். வெட்டு சுத்தமாக, வெளுப்பே இல்லாமல், ஒரு துண்டு கடித்தெடுத்த மாதிரி இருந்தால் வேறு மீன் கடிக்கிறது. ஃபைட்டர் மீன் தன் வாலைத் தானே கடித்துக்கொள்வதும் உண்டு. துடுப்பு எலும்புக்கு இடையே நேராகக் கிழிந்து ஓரம் தெளிவாக இருந்தால் கூரான அலங்காரப் பொருளிலோ ஃபில்டர் வாயிலோ மாட்டியிருக்கும்.

துடுப்பழுகலின் ஆரம்பத்தில் ஆன்டிபயாடிக் வேண்டாம். ஒரு வாரத்துக்குத் தினமும் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், அடியில் தேங்கிய கசடை உறிஞ்சி எடுங்கள், லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் உப்பு சேருங்கள். நான்கைந்து நாளில் ஓரத்தில் கண்ணாடி போல நிறமற்ற புதுச் சவ்வு முளைத்தால் ஆறுகிறது என்று பொருள். புதுச் சவ்வை வெளுப்பு என்று நினைத்து மருந்தைக் கூட்டிவிடாதீர்கள். அது ஒளி ஊடுருவுமளவுக்குத் தெளிவாக இருக்கும், அழுகல் பால் போல மங்கலாக இருக்கும். அழுகல் துடுப்பின் அடியை நெருங்கினாலோ, அடிப்பகுதி சிவந்தாலோ காத்திருக்கக் கூடாது. அந்த அடித்திசு போனால் துடுப்பு திரும்ப வளராது, தொற்று உடம்புக்குள்ளும் இறங்கிவிடும். அந்தக் கட்டத்தில் ஆன்டிபயாடிக் தேவை.

வாயில் பஞ்சு, முதுகில் வெளிறிய சேணம்

இதுதான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, அதிக மீன்களைக் கொல்வதும் இதுதான். பெயர் கொலம்னாரிஸ். கிருமி ஃப்ளேவோபாக்டீரியம் கொலம்னாரே. 'வாய்ப் பூஞ்சை' என்ற பெயர் நிலைத்துவிட்டதால் பூஞ்சை மருந்தை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இது பூஞ்சை அல்ல, பாக்டீரியா.

அருகில் வைத்துப் பாருங்கள். உண்மையான பூஞ்சை புண்ணின் மேல் வளரும். நீளமான இழைகள் தண்ணீரில் அசையும், பஞ்சு உருண்டை போல உடம்பை விட்டு எழும்பி நிற்கும். கொலம்னாரிஸ் தோலோடு ஒட்டித் தட்டையாக இருக்கும். சாம்பல் கலந்த வெள்ளை, ஓரத்தில் சில நேரம் மஞ்சளோ பழுப்போ ஓடும். உதட்டில் தொடங்கினால் வெள்ளை உதட்டுச் சாயம் பூசியது போலிருக்கும், பிறகு சிறு நூல்கள் தொங்கும், வாய் கரையும். முதுகில் தொடங்கினால் மேல் துடுப்பின் அடியிலிருந்து இரு பக்கமும் இறங்கிக் குதிரைச் சேணம் போட்டது போல ஒரு பட்டை நிறமிழந்துவிடும். கப்பி, மோலி, நியான் டெட்ரா ஆகியவற்றில் இதை அடிக்கடி பார்க்கலாம். நியானில் உடம்பின் ஒரு பகுதி வெளுப்பதற்கு ப்ளைஸ்டோபோரா என்ற நுண்ணுயிர் ஒட்டுண்ணியும் காரணமாகலாம். ஆனால் அது வாரக்கணக்கில் நகரும். கொலம்னாரிஸ் மணிக்கணக்கில் நகரும்.

வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். 28 டிகிரிக்கு மேல் ஒரு மீன் ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடும். 24 டிகிரியில் அதே நோய் பல நாள் எடுக்கும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஹீட்டரைக் கூட்டுவது வழக்கம் என்பதால், பழக்கத்தில் இதற்கும் கூட்டி வைப்பவர்கள் உண்டு. அது நோய்க்கு எண்ணெய் ஊற்றுவது. இதைச் செய்யுங்கள்:

1. பாதிக்கப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பல மீன்களில் தெரிந்தால் முழுத் தொட்டிக்கும் வைத்தியம் செய்யுங்கள்.
2. ஹீட்டரைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை 1 டிகிரி என்று இறக்கி 24க்குக் கொண்டுவாருங்கள். டிஸ்கஸ் போல வெப்பம் வேண்டும் மீனுக்கு 26க்குக் கீழே போகாதீர்கள்.
3. ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வையுங்கள். செவுளும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.
4. உப்பு லிட்டருக்கு 1 கிராம், தாங்கும் இனமானால் படிப்படியாக 3 வரை.
5. அன்றே ஆன்டிபயாடிக் தொடங்குங்கள். கனாமைசின், நைட்ரோஃபுரசோன், ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஆகியவை வேலை செய்பவை. துடுப்பழுகலுக்குச் சொன்ன 'பொறுத்துப் பாருங்கள்' இங்கே செல்லாது.
6. வலை, குழாய், சைஃபன் (தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் குழாய்) எதையும் இன்னொரு தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈர வலை ஒன்றே போதும், பரவிவிடும்.

மூச்சு வாங்குகிறது, உடம்பில் ஒன்றும் தெரியவில்லை

செவுள் மூடி வேகமாக அடிக்கிறது, மீன் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் நிற்கிறது, உடம்பு சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் சோதனையும் சரி, காற்றும் போதுமானது என்றால் மிச்சமிருப்பவை இரண்டு: செவுளில் மட்டும் தங்கிய கொலம்னாரிஸ், அல்லது செவுள் புழு. செவுள் புழு இருந்தால் மீன் கல்லிலும் செடியிலும் உடம்பை உரசும், ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடி வைத்துக்கொள்ளும், நோய் மெல்ல நகரும். செவுள் கொலம்னாரிஸில் காலையில் தின்ற மீன் இரவில் செத்துக் கிடக்கும். அப்போதுதான் செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சிவப்புக்கு நடுவே வெளுத்த அல்லது பழுப்பான அழுகிய திட்டுகள் இருந்தால் மற்ற மீன்களுக்கு மேலே சொன்ன வைத்தியத்தை உடனே தொடங்குங்கள்.

உடம்பில் சிவப்புக் கோடு, திறந்த புண்

துடுப்பின் அடியில், வயிற்றில், ஆசனவாயைச் சுற்றிச் சிவப்புத் திட்டு தெரிந்தால் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவும் அதன் உறவுகளும் வழக்கமான காரணம். மீன் தின்னாமல் மூலையில் நிற்கும், துடுப்பை ஒட்ட வைத்துக்கொள்ளும். தொட்டித் தண்ணீரில் கரைக்கும் மருந்து இங்கே பாதிதான் வேலை செய்யும். தின்னும் மீனாக இருந்தால் மருந்து கலந்த தீனியே முதல் தேர்வு.

திறந்த புண் கோல்டு ஃபிஷ்ஷிலும் கோய் மீனிலும் அதிகம். செதில் உதிர்ந்து, நடுவே சிவந்த தசை தெரிந்து, சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். புண்ணின் நடுவில் நூல் போல ஏதேனும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நங்கூரப் புழுவாக இருந்தால் அதை எடுக்காமல் எந்த ஆன்டிபயாடிக்கும் அந்தப் புண்ணை ஆற்றாது. பெரிய மீனாக இருந்தால் ஈரத் துணியில் பிடித்து, புண்ணை மெல்ல ஒற்றி, பஞ்சுக் குச்சியால் பொவிடோன் அயோடின் தடவி, பத்துப் பதினைந்து நொடியில் தண்ணீருக்கே விட்டுவிடுங்கள். தலைப் பக்கம் தாழ்ந்திருக்கும்படி பிடித்தால் மருந்து செவுளுக்குள் வழியும், அதனால் தலையை மேலே வைத்துப் பிடியுங்கள். கண்ணிலும் படக் கூடாது.

கண் பிதுங்குகிறது

ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிபட்டது. தண்ணீரைச் சுத்தமாக வைத்து, 10 லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் எப்சம் உப்பு சேர்த்தால் வீக்கம் வடியும். இரண்டு கண்ணும் பிதுங்கினால் உள்தொற்றோ நீண்ட நாள் கெட்ட தண்ணீரோதான் காரணம். எப்சம் உப்போடு ஆன்டிபயாடிக்கும் வேண்டும். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்ஃபேட். சமையல் உப்பு, கல் உப்பு எல்லாம் சோடியம் குளோரைடு. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை, ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போட முடியாது.

செதில் சிலிர்த்து நிற்கிறது

மேலிருந்து பார்த்தால் பைன் காய் போலச் செதில்கள் விரிந்து நிற்கும், வயிறு உப்பியிருக்கும். இது நோயின் பெயரல்ல, சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் தோற்றுப்போனதன் அடையாளம். நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் நுழைந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம்தான் அதை இறைத்துத் தள்ளுகிறது. அது நின்றதும் உடம்பு நிரம்புகிறது. உள்தொற்று பொதுவான காரணம், ஆனால் ஒரே காரணமல்ல. முட்டை நிறைந்த பெண் மீனும் மலச்சிக்கல் உள்ள மீனும் உப்பும், ஆனால் செதில் தூக்காது.

ஒளிக்காமல் சொல்வதானால் செதில் முழுவதும் சிலிர்த்த மீன்களில் பிழைப்பவை குறைவு. வயிற்றுப் பக்கம் மட்டும் லேசாகத் தூக்கியிருக்கும் நாளிலேயே தொடங்கினால் வாய்ப்பு உண்டு. தனித் தொட்டி, எப்சம் உப்பு மேலே சொன்ன அளவில், மருந்துத் தீனி. தின்னாத மீனுக்குக் கனாமைசின் குளியல். மற்ற மீன்களுக்குத் தடுப்பாக மருந்து கொடுக்காதீர்கள். தண்ணீரைச் சரிசெய்யுங்கள், அது போதும்.

நன்றாகத் தின்கிறது, ஆனால் இளைக்கிறது

வயிறு ஒட்டுகிறது, முதுகு கத்தி போலாகிறது, நிறம் மங்குகிறது, சில மாதத்தில் முதுகெலும்பு வளைகிறது, ஆறாத சிறு புண் வருகிறது. ஒரு மீன் செத்து இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. இந்த மெதுவான வரிசை மீன் காசநோயை நினைக்க வைக்க வேண்டும். கிருமி மைக்கோபாக்டீரியம் மரைனம் அல்லது அதன் இனத்தவை. முதலில் குடல் புழுவைத் தள்ளிவிடுங்கள்: ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல்கள் நீட்டினால் கமல்லானஸ் புழு, வெள்ளை நூல் போன்ற மலம் குடல் ஒட்டுண்ணியின் சந்தேகம். புழு மருந்து கொடுத்தும் மாறவில்லை என்றால் செத்த மீனைக் கையுறை போட்டு அறுத்துப் பாருங்கள். மண்ணீரல், சிறுநீரகம், கல்லீரலில் மணல் போல வெளிறிய முடிச்சுகள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆய்வகத்தில் அமிலம் தாங்கும் சாயச் சோதனை செய்தால் உறுதியாகும்.

வீட்டுத் தொட்டியில் இதற்கு நம்பத்தக்க வைத்தியம் இல்லை. மாதக்கணக்கில் மருந்து கொடுத்தாலும் முடிச்சுக்குள் இருக்கும் கிருமி தப்பிக்கும். பாதிக்கப்பட்ட மீனை வலியின்றி விடைகொடுத்து அனுப்புவதே சரி. கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் பால் போலாகும்வரை குலுக்கி, லிட்டருக்கு 0.4 மில்லி என்ற அளவில் கலந்து மீனை விடுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் அப்படியே வையுங்கள்.

இந்தக் கிருமி மனிதருக்கும் வரும். கையில் கீறல் இருக்கும்போது தொட்டிக்குள் விட்டால் சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ வலியற்ற செந்நிறக் கட்டி வரலாம், வரிசையாக மேலே ஏறலாம். மருத்துவரிடம் போகும்போது மீன் தொட்டி வைத்திருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கட்டி என்று மாதக்கணக்கில் அலைய நேரிடும். நீளக் கையுறை போடுங்கள். சைஃபனை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

சுழன்று சுழன்று நீந்துகிறது

திருகு போலச் சுழல்வது, கண் பிதுங்குவது, உடம்பு வளைவது மூன்றும் சில நாளுக்குள் சேர்ந்து வந்து மீன்கள் அடுத்தடுத்துச் செத்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸை நினையுங்கள். மூளையைத் தாக்குவதால்தான் சமநிலை போகிறது. காற்றுப்பைக் கோளாறில் மீன் மிதக்கும் அல்லது மூழ்கும், ஆனால் தெளிவாக இருக்கும், தீனிக்கு வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு மட்டும் மருந்துக் கணக்கு மாறுகிறது. அதை அடுத்துப் பார்க்கலாம். இதுவும் கைக்கீறல் வழியே மனிதருக்கு வரக்கூடியது.

எந்த மருந்து, ஏன்

பாக்டீரியாக்களைக் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று பிரிப்பார்கள். இந்தக் கிராம் எடையல்ல. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் 1884இல் வெளியிட்ட சாயமேற்றும் முறையின் பெயர். மீனைத் தாக்கும் பெரும்பாலானவை நெகட்டிவ். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ், கொலம்னாரிஸ் எல்லாம் அந்தப் பக்கம். எரித்ரோமைசின் முக்கியமாகப் பாசிட்டிவ் மேல் வேலை செய்வது. 'மீனுக்கான ஆன்டிபயாடிக்' என்று அதை வாங்கித் துடுப்பழுகலுக்கு ஊற்றி ஏமாறுவது இதனால்தான். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு ஏற்றது, அதுவும் தீனியில் கலந்து கொடுத்தால். மெத்திலீன் ப்ளூ போன்ற நீல மருந்துகள் வெளிப்பூஞ்சைக்கும் முட்டைக்கும் உதவும், உடம்புக்குள் போன தொற்றைத் தொடாது. கூடவே ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும்.

கனாமைசின்: லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம், 5 மணி நேரக் குளியல், பிறகு பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றம். மூன்று நாளுக்கு ஒரு முறை, மொத்தம் 3 முறை. தோலும் செவுளும் ஓரளவு உறிஞ்சும் என்பதால் தின்னாத மீனுக்கும் பயன்படும்.

ஆக்ஸிடெட்ராசைக்ளின்: லிட்டருக்கு 20 முதல் 100 மில்லிகிராம், 6 முதல் 12 மணி நேரம், பாதித் தண்ணீர் மாற்றம், 10 நாள். மென்னீரில் குறைந்த அளவே போதும். கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும், கடல்நீர்த் தொட்டியில் கரைத்து ஊற்றுவது வீண். வெளிச்சத்தில் சிதைந்து தண்ணீர் கரும்பழுப்பாகி நுரைக்கும். விளக்கை அணைத்து வையுங்கள், நிறம் மாறினால் தண்ணீரை மாற்றுங்கள்.

நைட்ரோஃபுரசோனுக்கும் வெளிச்சம் எதிரி. கையுறையோடு கையாளுங்கள். உணவுக்கு வளர்க்கும் மீனுக்கு ஒருபோதும் கூடாது. புட்டியில் அச்சிட்ட அளவைப் பின்பற்றுங்கள். பல நாடுகளில் இந்த மருந்துகளுக்குக் கால்நடை மருத்துவரின் சீட்டு தேவை. மீனுக்கு வைத்தியம் பார்ப்பவர் கிடைத்தால் படத்தோடு கேட்டுவிடுங்கள்.

அளவைத் தவறவிடும் இடங்கள்

தொட்டியின் பெட்டியில் எழுதிய லிட்டரை நம்பாதீர்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 60 × 30 × 32 என்றால் 57.6 லிட்டர். கல், மணல், மரக்கட்டைக்கு 10 முதல் 15 சதவீதம் கழித்தால் ஏறத்தாழ 50. தனித் தொட்டியை மணலே இல்லாமல் 20 முதல் 30 லிட்டரில் வைத்தால் கணக்கும் எளிது, மருந்தும் மிச்சம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, அவ்வளவுதான். 30 லிட்டருக்குக் கனாமைசின் 50 மில்லிகிராம் வீதம் 1.5 கிராம்.

மருந்து போடும் முன் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள், யூவி விளக்கை அணையுங்கள். இரண்டும் மருந்தைத் தின்றுவிடும்.

உப்பைக் கரண்டியில் அளக்காமல் தராசில் நிறுங்கள், கரைத்து ஊற்றுங்கள். லிட்டருக்கு 3 கிராம் வேண்டுமென்றால் நாளுக்கு 1 கிராமாக மூன்று நாளில் ஏற்றுங்கள். கோரிடோராஸ், லோச் போன்ற அடிமட்ட மீன்களுக்கு 1 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செடிகளும் அதற்கு மேல் வாடும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த லிட்டருக்கு மட்டும் உப்பு சேருங்கள். ஆவியாகிக் குறைந்ததை நிரப்பும்போது சேர்க்கக் கூடாது. உப்பு ஆவியாவதில்லை, அதனால் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

மருந்துத் தீனிக்குக் கணக்கு இப்படி. ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஒரு கிலோ மீனுக்கு நாளுக்கு 75 மில்லிகிராம். மீன் தன் எடையில் 2 சதவீதம் தின்றால் ஒரு கிலோ மீன் 20 கிராம் தீனி தின்னும். அந்த 20 கிராமில் 75 மில்லிகிராம் இருக்க வேண்டும், அதாவது 100 கிராம் தீனிக்கு 375 மில்லிகிராம். ஒரு சதவீதம் மட்டும் தின்னும் மீனுக்கு இரட்டிப்பு. இதில் 375 மில்லிகிராம் என்பது சுத்த மருந்தின் எடை. பொடியில் மருந்து பாதிதான் என்றால் இருமடங்கு பொடி வேண்டும். தீனியின் மேல் பொடியைச் சீராகப் புரட்டி, மிகக் கொஞ்சம் சமையல் எண்ணெய் தெளித்துக் குலுக்கி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் குளிரூட்டியில் வையுங்கள். எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்த சில நொடியில் மருந்து கரைந்து போய்விடும். 10 நாள், மூன்றாம் நாளே மீன் தெளிந்தாலும் முழுதாக 10 நாள். பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

நான்கு நாளாகியும் மாற்றமில்லை

அளவைக் கூட்டாதீர்கள், இன்னொரு மருந்தைச் சேர்க்காதீர்கள். முதலில் கார்பன் உள்ளே இருக்கிறதா, தண்ணீர் கடினமா, மருந்து காலாவதியா, லிட்டர் கணக்கு சரியா என்று பாருங்கள். பிறகு ஒட்டுண்ணியைத் தவறவிட்டோமா என்று டார்ச்சோடு திரும்ப உட்காருங்கள். அதுவும் இல்லையென்றால் கிருமி வளர்ப்புச் சோதனைதான் வழி. அதற்கு உயிரோடு இருக்கும் நோயாளி மீன் சிறந்தது. அடுத்து, செத்த சில மணி நேரத்துக்குள் தண்ணீரில்லாத பையில் ஐஸ் மேல் வைத்தது. உறையவைத்த மீனில் முடிவு நம்பகமாக வராது.

குணமானதும் புதுக் கார்பனை இரண்டு நாள் ஓடவிட்டு மருந்தை எடுங்கள், உப்பைத் தண்ணீர் மாற்றத்தால் மெல்லக் குறையுங்கள். ஆன்டிபயாடிக் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவையும் பலவீனமாக்கியிருக்கும். அதனால் மருந்து நடக்கும் நாட்களிலும் முடிந்த பின் ஒரு வாரமும் தினமும் அம்மோனியா சோதியுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். வலையும் குழாயும் நீர்த்த ப்ளீச்சில் ஊறி, நன்றாக அலசி, குளோரின் நீக்கியில் முக்கி, வெயிலில் காய வேண்டும். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ப்ளீச் போதாது, 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து எடுங்கள். அடுத்து வரும் புது மீனைத் தனித் தொட்டியில் 4 வாரம் வையுங்கள். அதன் வலை அந்தத் தொட்டியின் மேலேயே தொங்கட்டும்.